மூன்று வரி வசனமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

1. வண்டியில் கேட்டது

அந்தப் பெரியவருடைய குரலை எடுத்துவிட்டு வேறொருவர் குரலைப் போடப்போகிறார்கள் என்பது அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இதைப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே, நான் அபிராமம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பையன், நிலம் உழுகிற குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சொந்தமாக ஒரு வேன் வைத்து, ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் ஷூட்டிங் வருகிற கம்பெனிகளுக்கு ஓட்டுகிறேன். ஆர்ட்டிஸ்ட்டை ஏற்றி இறக்க வேண்டும். கூட்டக் காட்சி என்றால் ஊர் ஆட்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் இதுவரை நான் பார்த்த நடிகர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாலிநோக்கம் உப்பளத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி படம் எடுக்க வந்தது. உப்பளம் நடத்தும் கொடுமைக்கார வெள்ளைக்காரத் துரை வேஷம் கட்டியவர் பெயர் யானோஷ். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் காலையில் ராமநாதபுரம் லாட்ஜிலிருந்து அவரை அழைத்துப் போவது என் டியூட்டி.

ஒரு நாள் காலையில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அசிஸ்டென்ட் டைரக்டர் நித்யா, சென்னைப் பெண், போனில் பேசினார்: "பெரியவர் பேசுறது புரியவே மாட்டேங்குதுங்க. நாளைக்கு டெத் சீன் முடியட்டும். அப்புறம் வாய்ஸ் மட்டும் வேற ஆளை வச்சு டப் பண்ணிக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டார்."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பெரியவர் சாலையோரத்துக் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாவம், ஒன்றும் தெரியாமல் வருகிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

2. நாற்பது சாவு

சாயந்திரம் திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். என் இங்கிலீஷ் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினால் எனக்குப் பிடிபடும்.

அவர் பிறந்தது ஹங்கேரியில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா தையற்காரர். ஒரு நாடகக் குழுவோடு அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டே மேடை ஏறினார். முதல் நாடகத்தில் வசனமே கிடையாது, தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பிறகு பெரிய வேஷங்கள் வந்தன. பிறகு சினிமா.

"சினிமாவில் என்ன வேஷம் சார்?"

"என் பேச்சைக் கேட்டதும் கெட்டவன் என்று முடிவு செய்துவிடுவார்கள். ஒற்றன், கடத்தல்காரன், பொல்லாத டாக்டர். நாற்பது படத்தில் செத்திருக்கிறேன்."

"ஒரு படத்துலயாவது கல்யாணம் ஆச்சா?"

"ஒன்றில். மோதிரம் போடும் முன்பே சுட்டுவிட்டார்கள்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னார்: "மேடை வேறு. அங்கே பத்து நிமிடத்தில் ஜனங்களுக்கு என் பேச்சு பழகிவிடும். சினிமாவில் யாருக்கும் பத்து நிமிடம் இல்லை."

மறுநாள் வசனம் எழுதியிருந்த தாளை என்னிடம் நீட்டி, தப்பு வந்தால் நிறுத்தச் சொன்னார். நான் வண்டியை ஓரங்கட்டினேன். மூன்றே வரிதான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் வீட்டுக்கு யாராவது சொல்லிவிடுங்கள். நான் பயப்படவில்லை என்று சொல்லுங்கள். அது பொய்தான், ஆனாலும் சொல்லுங்கள்."

இருபது தடவைக்கு மேல் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷ்காரர் மாதிரி நாக்கை வளைக்கப் பார்த்தார். வளைக்க வளைக்க இன்னும் குழறியது.

"எனக்குப் புரியுது சார்" என்றேன்.

"நீ மரியாதைக்குச் சொல்கிறாய். காலையில் அந்தப் பெண் போனில் பேசினாளே, டப், வாய்ஸ், இந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும் தம்பி. இப்படி என் குரலை எடுப்பது இது மூன்றாவது படம். இதுதான் என் கடைசிப் படம். இதில் மட்டுமாவது நானே பேசிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்."

தம்பி என்ற சொல்லை என்னிடம்தான் கற்றிருந்தார். வண்டியை எடுத்தேன்.

3. ஐந்தாவது டேக்

மறுநாள் உப்பள வேலைக்காரர்கள் முப்பது பேரை நான்தான் வரிசையாக நிறுத்தினேன். "இவரு கெட்ட தொர. உங்கள வதைச்சவரு. சாகும்போது யாரும் அசையக் கூடாது, பாத்துக்கிட்டே நிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

வரிசை ஓரத்தில் முத்துராக்கு அக்கா நின்றார். பாத்தியில் உப்பு வாருகிறவர். "தம்பி, நிக்கத்தான் கூலியா? நல்ல பொழப்பா இருக்கே" என்றார்.

உச்சி வெயில். பெரியவர் பாத்தி வரப்பில் விழுந்து கிடந்து வசனம் பேச வேண்டும். நாலு டேக் ஆனது. நாலும் சரிவரவில்லை. தொண்டை காய்ந்து, சொல் ஒட்டிக்கொண்டது. நித்யா என் பக்கத்தில் வந்து, "விடுங்கண்ணே, வாயசைச்சா போதும், எப்படியும் டப்பிங்தானே" என்றார்.

ஐந்தாவது டேக். பெரியவர் விழுந்தார். வாயைத் திறந்தார். முதல் சொல்லே வரவில்லை.

வரிசையிலிருந்து முத்துராக்கு அக்கா விறுவிறுவென்று நடந்தார். வேலைக்காரர்கள் குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு போய், அவர் தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் ஊற்றினார். திட்டு எனக்குத்தான் விழும் என்று நினைத்தேன். கூட்டிவந்தவன் நானல்லவா. நித்யா ஓடப்போனார். டைரக்டர் கையை நீட்டித் தடுத்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

பெரியவர் குடித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல, நிறுத்தி, மெதுவாக, தன் ஊர் உச்சரிப்பிலேயே அந்த மூன்று இங்கிலீஷ் வரியையும் சொன்னார். நாக்கை வளைக்கவில்லை. எனக்கே ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அக்கா தலையை ஆட்டி, "சொல்லிருவோம்யா. சொல்லிருவோம். நீங்க சும்மா கெடங்க" என்றார்.

பெரியவர் கண்ணை மூடினார். டைரக்டர் கட் சொன்னார். பிறகு சவுண்ட்காரரிடம் போய் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

அதற்குள் அக்கா பெரியவரைத் தட்டி, "எந்திரிங்கய்யா, செத்தது போதும். உப்புத்தண்ணி முதுக அரிச்சுப்புடும்" என்றார்.

நான் அக்காவைக் கடிந்துகொண்டேன். "அசையாம நில்லுன்னு சொன்னேன்லக்கா?"

"நாலு தடவ நின்னேன்ல? நாக்கு வறண்டு கெடக்குற மனுசனப் பாத்துக்கிட்டு இன்னும் எம்புட்டு நேரம் நிக்க? கெட்டவன்னா தண்ணி எறங்காதா?"

"சரி, அவரு சொன்னது ஒனக்கு என்ன புரிஞ்சுச்சு? சொல்லிருவோம்னு சொன்னியே."

"சாகப்போறவன் வேற என்னத்தச் சொல்லுவான்? வீட்டுக்குச் சொல்லச் சொல்லிருப்பான்."

இதை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெரியவருக்குச் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த நேரம் டைரக்டர் வந்து, இந்த டேக்கையே வைத்துக்கொள்வதாகவும், குரல் அவருடையதே இருக்கட்டும் என்றும் சொன்னார். பெரியவர் சொம்பை நீட்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

பிள்ளைகளே, நீங்கள் வெளியூருக்குப் படிக்கப் போவீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள். அதற்காக நாக்கை வளைக்காதீர்கள். எதிரே இருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் புரிய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பேசுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஹங்கேரியிலிருந்து ஒருவர் அமெரிக்கா போய், அங்கிருந்து வாலிநோக்கம் வர வேண்டியிருந்தது.

படம் வெளியானபோது போனில் பார்த்தோம். அந்தக் காட்சியில் முத்துராக்கு அக்கா பேசும்போது திரைக்கு அடியில் இங்கிலீஷில் எழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியவர் தன் குரலிலேயே பேசும்போது அடியில் எழுத்து எதுவும் இல்லை.