எழுத்தைத் தின்ற மிஷின்

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. உள்ளறையில் ஒரு பெரிய பெட்டி. வெளியே மேசையில் திரையும் விசைப்பலகையும். அங்கே டைப்பிஸ்ட் என் அத்தை, அப்பாவின் தங்கை. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கடிதத்தை அதில் அடித்துக் காட்டினால்தான் வேலை, இல்லையென்றால் மதுரையிலிருந்து வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே நாள் ஐந்து மணிக்குப் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நேரத்தோடு கூட்டிவர எட்டு வயதுக்காரியான என்னை அனுப்பினார்கள். வீட்டில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கம்பெனியில் இருப்புக் கொள்ளவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், கடிதம் அடிப்பதற்கான புரோகிராமை ஒவ்வொரு பிளாப்பியாகப் பெட்டிக்குள் ஏற்றி முடித்தபோது மணி மூன்று. ரயிலைப் பிடிக்கிற அவசரம் அவருக்கு.

"எழுதணும்னா முதல்ல 'ஐ' அழுத்துங்க. முடிச்சதும் இடது மூலைல இருக்கே, எஸ்கேப், அது. அதுக்கப்புறம் அடிக்கிற எழுத்தெல்லாம் மிஷினுக்குக் கட்டளை. ஒரு வரியை அழிக்க 'டி' ரெண்டு தடவை." தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அத்தை இன்ஸ்டிட்யூட்டில் பழகியவள். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் படபடவென்று அடித்தாள். வரி முடிந்ததும் இடது கை தானாக மேலே போனது. டைப்ரைட்டரில் அந்த இடத்தில்தான் உருளையைத் தள்ளும் பிடி இருக்கும். இங்கே இருந்தது எஸ்கேப். அடுத்த வரியின் முதல் எழுத்துகளை மிஷின் கட்டளையாக எடுத்துக்கொண்டு பீப் பீப் என்றது. டைப்ரைட்டர் மணி என்று நினைத்தோ என்னவோ, அத்தை இன்னும் வேகமாக அடித்தாள்.

"அத்தை, எழுத்தையெல்லாம் மிஷினு திங்குது!"

நிமிர்ந்து பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு வரிக்கும் தலை இல்லை.

"ஆத்தா, இந்தக் கை மேல போனா நறுக்குனு கிள்ளு."

கிள்ளினேன். கேசரி ஞாபகத்தில் கொஞ்சம் பலமாகவே கிள்ளினேன். நாலரைக்குத் திரையில் முழுக் கடிதம், ஒரு எழுத்து குறையாமல் நின்றது.

"வெரசா வா அத்தை, அவுக வந்துருவாக."

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். இடது கை மெல்ல மேலே போனது. நான் கிள்ளப் போனேன். "விடு" என்றாள். பிறகு ஒரே விசையை இரண்டிரண்டு தரமாகத் தட்டினாள். வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"ஐயோ, மறுபடியும் தின்னுருச்சே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நிதானமாக முதலிலிருந்து அடித்தாள். அந்தத் தடவை நான் கிள்ள வேண்டியிருக்கவில்லை. ஆறரைக்குக் கடிதம் முதலாளி கைக்குப் போனது.

வீட்டில் தேவாரத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார்கள். தாத்தா குதித்தார். அத்தை தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சத்தியமா தாத்தா! மிஷினு தின்னுருச்சு. என் கண்ணால பாத்தேன்."

தாத்தா அடங்கிப்போனார். யாரும் தொடாத கேசரியை அத்தை எனக்கு ஒரு தட்டு நிறைய வைத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்துச் சாப்பிட்டேன்.