மூடி திறக்கும் நொடி

ரஹ்மத்துன்னிசா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. குத்துக்கல்வலசையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மதில்தான். அவளைப் பயந்தாங்கொள்ளி என்று தெருவில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் மன்சூர், சர்க்கரை முற்றி, சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, பார்வையும் போய் ஊர் திரும்பினார். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம், ஆனால் கூட இருப்பவர் யாராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். தைரியசாலிகளான சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. “நான் படிச்சுக்கிடுதேன்” என்றவள் இந்தப் பயந்தாங்கொள்ளிதான்.

கற்றுக்கொடுத்தவள் திருநெல்வேலி மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஸ்ரீவித்யா. குற்றாலத்துப் பெண். வயிற்றுக்குள் கிடக்கும் பழைய நீரை ஒரு பைக்குள் இறக்கிவிட்டு, மருந்து நீரைப் புதிதாக ஏற்ற வேண்டும், தினமும் மூன்று வேளை. வேலை அவ்வளவுதான். ஆனால் குழாய் முனையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து பையை மாட்டுகிற நொடி இருக்கிறதே, அப்போது கிருமி நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சன்னல்களை அடைத்து, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ரஹ்மத்துன்னிசா உட்காருவாள்.

அப்படியும் கிருமி வந்தது. ஆனி மாதம் ஒருநாள் இறங்கிய நீர் கஞ்சித்தண்ணி போலக் கலங்கியிருந்தது. காய்ச்சல், வயிற்றுவலி. மருத்துவமனையில் கிடந்து ஒருவழியாகப் பிழைத்து வந்தார் மன்சூர். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “இன்னொரு தடவை வந்தா குழாயை எடுத்திரணும். அப்புறம் ரத்த டயாலிசிஸ்தான். இவர் ஹார்ட் அதைத் தாங்குமாங்கிறது சந்தேகம்.”

லேப் பரிசோதனையில் வந்தது வாயில் இருக்கிற கிருமி. “மாஸ்க்கைக் கழட்டினியளாக்கா?” என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

“அல்லா மேல ஆணையா இல்ல சிஸ்டர்.”

அவள் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயம்தான் குடியிருந்தது. கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்தது. ஆரஞ்சுப்பழத்தோடு வந்து வைத்தியம் சொன்ன விருந்தாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதில் எனக்குப் பரம திருப்தி. ஒவ்வொரு பை இறங்கும்போதும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் அடுத்த பை வரைக்கும் உயிர் இருக்கும். வீடியோ காலில் ஸ்ரீவித்யா அவள் கையைப் பலமுறை கவனித்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலில் நனைந்துகொண்டே ஸ்ரீவித்யா நேரில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

“நான் சொல்லிக்கொடுத்ததுல எங்க ஓட்டைன்னு எனக்கே பிடிபடலக்கா” என்றாள். நர்ஸே அப்படிச் சொன்னதும் ரஹ்மத்துன்னிசா கழுவிய கையை மறுபடியும் கழுவ எழுந்தாள். அதைப் பார்த்த ஸ்ரீவித்யா பேச்சை மாற்றினாள்.

“தொழுகை முடிச்சு தஸ்பீஹ் மணி உருட்டுவியள்லா? அப்ப மனசு எப்படி இருக்கும்?”

“ஓர்மையா இருக்கும் சிஸ்டர். வேற எதுலயும் போகாது.”

“அதே ஓர்மையில இதை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. தப்பைத் தேடாதீய. கை என்ன செய்யுது, மூச்சு என்ன செய்யுதுன்னு சும்மா பாருங்க. என்ன தெரியுதோ எங்கிட்ட சொல்லுங்க. ரெண்டு பேருமாச் சேந்துதான் கண்டுபிடிக்கணும்.”

அன்றிலிருந்து விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தாள். முதலில் டாக்டரின் குரல்தான் கேட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று. பாதியிலேயே எழுந்துவிடுவாள். விடாமல் உட்கார்ந்ததில் மெல்ல மெல்லக் கை தெரிந்தது. சோப்பு தெரிந்தது. ஒருநாள் மூடி திறக்கும் இடமும் வந்தது. மாஸ்க்குக்குள் உதடு ஓதிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறக்கிறாள். இடது மணிக்கட்டு மாஸ்க்கைக் கீழே தள்ளுகிறது. குழாயின் மேல் ‘ஃபூ’ என்று ஊதுகிறாள்.

நோயாளிக்குக் குர்ஆன் வசனம் ஓதி ஊதுவது அவர்கள் வீட்டில் மூச்சுவிடுவது மாதிரி. என் பிள்ளைகளைக்கூடப் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தி ஊதி வாங்கி வந்திருக்கிறேன். அவள் கணக்கில் அது சிகிச்சையில் சேர்த்தியே இல்லை. நர்ஸ் பார்க்கும்போது மட்டும், அவள் கேட்பதற்குப் பதில் சொல்வதிலேயே நாக்கு ஓடிவிடும். ஓத இடம் கிடைக்காது. அதனால் யார் கண்ணிலும் அது படவில்லை.

போனில் ஸ்ரீவித்யாவிடம் சொன்னாள். “கிருமி புகுந்த வழி அதுதான்க்கா. நல்லவேளை பாத்திய. இதை நான் கேட்டிருக்கணும், எனக்குத் தோணல” என்றாள்.

கண்டுபிடித்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். இரட்டிப்பானது. அவர் பிழைத்துக் கிடப்பதே அந்த ஊதலில்தான் என்று அவள் நம்பியிருந்தாள். ஊதினால் கிருமி. ஊதாவிட்டால் யார் காப்பாற்றுவது? மதிலோரம் நின்று என்னிடம் கேட்டாள். 

அன்று காலை உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். கண் தெரியாத மன்சூருக்குக் காதும் தோலும்தான் கண்.

“ஏட்டி, இன்னைக்கு ஊதலையா?”

அவர் குரலில் பயம் இருந்தது. பதில் சொல்லாமல் பையை மாட்டி, திருகி இறுக்கினாள். நீர் இறங்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“என் மூச்சுதான் மச்சான் உங்களைக் கெடுத்துச்சு. வாயிலுள்ள கிருமியை நானே ஊதி உள்ள விட்டிருக்கேன்.”

 நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

“எனக்கு ஒவ்வொரு வேளையும் பயம்தான். நீ ஊதுனா முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்கிடுவேன்” என்றார் கடைசியில். தடவித் தடவி அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். “இனி இங்கன ஊது. இங்கன ஓட்டை இல்லல்லா.”

அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு ஓதத் தொடங்கினாள். பாதியில் ஒரு வரி விட்டுப்போனதால் முதலிலிருந்து மறுபடியும் ஓத வேண்டியதாயிற்று.