தப்பாகத் தட்டிய கதவு

பனி கொட்டும் காலையில் எந்த வீட்டு ஜன்னலாவது அகலத் திறந்து கிடந்தால், டாக்டர் வர்ஷானி தெருவிலேயே நின்று தொப்பியைக் கழற்றுகிறார். யோசெஃப்வாரோஷ் பேட்டையில் குளிர்காலத்தில் அடுப்புச் சூட்டை யாரும் வெளியே விடமாட்டார்கள். பிரிந்த உயிர் வெளியேறத்தான் ஜன்னலைத் திறப்பார்கள். முகவரிச் சீட்டு அவர் பையில் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஜன்னலைப் பார்த்தே படியேறிவிடுவார்.

புடாபெஸ்ட் நகராட்சியில் அவருக்குப் பிணம் பார்க்கும் உத்தியோகம். அவர் வந்து பார்த்து, இன்ன நோயில் போனார் என்று சொன்ன பிறகுதான் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கலாம். வாரா வாரம் பத்திரிகையில் நகரத்தின் சாவுக் கணக்கு வருகிறதே, காசத்தில் இத்தனை பேர், வயிற்றுப்போக்கில் இத்தனை குழந்தைகள் என்று, அதில் இந்தப் பேட்டையின் பங்கு இவர் வழியாகப் போவதுதான். ஒரு காலத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அவங்க பொய் சொல்வாங்க. குடிச்சியான்னா இல்லேம்பாங்க. இவங்ககிட்ட அந்தத் தொல்லை இல்ல" என்று கட்டிலைக் காட்டுவார்.

இப்போது பொய் சொல்வது உறவுக்காரர்கள்.

"காசம்னு போட்டுடாதீங்கய்யா. தங்கச்சிக்காரிய வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. மாரடைப்புன்னு போடுங்க."

"இருபது வயசுப் பொண்ணுக்கு மாரடைப்பா?"

"ஏன், வரக் கூடாதா?"

மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, உயிர் மிச்சமில்லை என்று உறுதி செய்ய, சுடருக்குத் தோல் எப்படிக் கொப்பளிக்கிறது என்று பார்க்கப் பிணத்தின் விரல்நுனியில் பிடிப்பார். பிடிக்குமுன், "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று அதனிடம் சொல்லி, அது சம்மதித்ததுபோல் தலையாட்டிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள்.

மூலைக் காப்பிக்கடையில் அவர் நுழைந்ததும் இருமல் நின்றுவிடும். காசக்காரர்கள்கூட முகம் சிவக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் குடித்துவிட்டு வெளியே வந்து கதவு மூடியதும், கடை மொத்தமும் ஒரேயடியாக இருமுவது தெருவரைக்கும் கேட்கும். மனிதர் பாவம், மற்றவர்களை உத்தேசித்துக் காப்பியைச் சுடச்சுட விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறார்.

போன குளிர்காலத்தில் அவர் ஒரு தப்புச் செய்தார். நான்கு பக்கமும் குடித்தனங்கள் உள்ள ஒரு பெரிய வீட்டில் இரண்டாம் மாடியில் சாவு. மூன்றாம் மாடியில் செருப்புத் தைப்பவர் வீட்டில் அடுப்பு புகைந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வர்ஷானி அதைப் பார்த்து அந்தக் கதவைத் தட்டிவிட்டார். உள்ளே பையன் செங்காய்ச்சலில் கிடந்தான். கதவைத் திறந்த தாய் இவரைக் கண்டதும் அப்படியே சரிந்து விழுந்தாள். ஆனால் பையன் பிழைத்துக்கொண்டான். அவ்வளவுதான், பேட்டைக்குள் பேச்சு பரவியது: பிணம் பார்க்கிறவர் தப்பாகத் தட்டிய கதவைச் சாவு மறுபடி தட்டாது. அதிலிருந்து, சீக்காளி இருக்கிற தங்கள் வீட்டுக் கதவையும் தட்டச் சொல்லிப் பெண்கள் அவரை வழிமறிக்கத் தொடங்கினார்கள். அவர் எரிந்து விழுவார். அப்படி ஒரு கதவையும் தட்டியதில்லை.

இந்தப் பிப்ரவரியில் சலவைக்காரி எதெல்கா தன் வீட்டு முற்றத்தில் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரய்யா, எங்க வீட்டுக் கதவையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க. தப்பா."

"யாருக்கு என்ன?"

"எம் பொண்ணு பிரோஷ்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. நீங்க உள்ள வர வேணாம். தட்டினாப் போதும்."

உள்ளே குழந்தை இருமியது, நாய்க்குட்டி குரைப்பதுபோல. தொண்டை அடைப்பான். அந்த நோயில் அடங்கிப்போன தொண்டைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவற்றின் சத்தத்தைக் கேட்டுத்தான் வருஷக்கணக்காகிவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது.

"உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. குதிரை ரத்தத்துல எடுத்த ஊசி ஒண்ணு இருக்கு. இன்னிக்கே போட்டாப் பொழைச்சுக்கும்."

"தொத்துநோய் ஆஸ்பத்திரிக்கா? எங்க அக்கா மகன வண்டில ஏத்தினதோட சரி. அப்புறம் மொகத்தக்கூடக் காட்டல." அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "தட்ட முடியுமா, முடியாதா?"

அதட்டினார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. கடைசியில் வர்ஷானி குரலைத் தாழ்த்தினார்.

"தட்டறேன். ஆனா அது தப்பான கதவா இருக்கணுமே. சீக்காளி உள்ள இருக்கறப்ப நான் தட்டினா அது சரியான கதவாயிடாதா?"

"செருப்புக்காரர் பையனும் உள்ளதான இருந்தான்?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சு நான் தட்டின கதவு எதுவும் தப்பானதில்ல, எதெல்கா."

அவள் முகம் வெளுத்துப்போனது. உள்ளே மறுபடி அந்த இருமல்.

"பாப்பா உள்ள இல்லாதப்பத் தட்டினா?"

"அப்பத்தான் தப்பு."

குழந்தையைக் கம்பளியில் சுருட்டி எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள். வாசல்காரன் வண்டி பிடித்துத் தந்தான். ஏறியவள் தலையை வெளியே நீட்டி, "மறந்துடாதீங்க" என்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. அடுத்த வீட்டில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இவருக்காகக் கட்டிலில் காத்துக் கிடந்தார். தான் சொன்னது வெறும் தந்திரம் என்று வர்ஷானிக்குத் தெரியும். முற்றத்தில் ஈ காக்கை இல்லை. தட்டாமல் போனால் கேட்கவும் ஆளில்லை. இருந்தும் அவர் திரும்பி வந்து பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றார். தட்டினார். உள்ளேயிருந்து யாரும் பதில் சொல்லிவிடக் கூடாதே என்று, காதை மரத்தில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டார்.