பாதி முகம் வரைந்தால் போதும்

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்தது. அதுதான் முதல் அறிகுறி. எங்கள் மலையூர் கவுஞ்சியில் அப்போது பூண்டு பிடுங்கும் நேரம். பனிக்காற்று அடித்துவிட்டது என்று நானே முடிவு செய்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பத்து நாள் போனேன். இதே நிலையில் இதைப் படிக்கிறவர்கள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யாதீர்கள்.

திண்டுக்கல்லில் டாக்டர் முகவாதம் என்றார் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). இடது புருவம் ஏறவில்லை, கண் மூடவில்லை, சிரித்தால் வாய் வலப்பக்கம் மட்டும் ஓடியது.

"மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லாக் கேட்டிருக்கும்மா."

நான் கேட்டது ஒன்றுதான். தை மாதம் என் மகள் செல்விக்குக் கல்யாணம். மேடையில் நிற்க வேண்டும். அதற்குள் முகம் திரும்புமா? பத்து மாதம் இருந்தது. சொல்ல முடியாது என்றார்.

கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். நான் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். செல்வி வத்தலக்குண்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். ஒரு சனிக்கிழமை வந்தவள் தன் பழைய டேப்லெட்டையும் அதன் பேனாவையும் என் மடியில் போட்டாள். "உன் மூஞ்சிய நீயே வரைம்மா. அப்பயாச்சும் பாப்பேல்ல."

முதலில் ஒரு லேயரில் (கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வது) முட்டை வடிவம், கண்ணுக்கும் மூக்குக்கும் குறுக்குக் கோடு. மேல் லேயரில் சுத்தமான கோடு. அதன்கீழே தோல் நிறம். நிழலுக்குக் கறுப்பு வைத்தால் முகம் அழுக்காகிவிடும், செங்கல் நிறம் வை என்பாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முன்னாலேயே முடிவு செய்யச் சொல்வாள். களைக்கொத்து பிடித்த கை. பேனாவை அழுத்தி அழுத்தித் திட்டு வாங்கினேன்.

வரைந்தபோதுதான் கவனித்தேன், செயலற்ற பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நெற்றி மழமழவென்று கிடந்தது. உயிரோடிருந்த பக்கம்தான் கிழடு. எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் முட்டி மோதியும் இடது வாயோரம் சரியாக விழவில்லை. செல்வி சிமெட்ரியைப் போட்டுக் கொடுத்தாள் (பாதி வரைந்தால் மறுபாதி தானே விழும் வசதி). வலது பக்கத்தை மட்டும் வரைந்தேன். முழு முகம் சிரித்தது. அன்றைக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன்.

மார்கழியில் கண் ஓரளவு மூடியது. வாய் திரும்பவில்லை. புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது: சாப்பிட்டால் இடக்கண்ணில் நீர் கொட்டியது. எச்சில் ஊறுவதற்கான நரம்பு மறுபடி வளரும்போது வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் செல்வி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேடையில வீடியோ எடுக்கறப்ப சித்தி நிக்கட்டும்மா. நீதான் பேனர்ல இருக்கேல்ல."

மண்டப வாசல் பேனருக்கு நான் வரைந்த படத்தைக் கொடுத்திருந்தாள். சரி என்றேன்.

தாலி கட்டி முடிந்து மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் நாக்கில் பட்டதும் கண் கொட்டியது. பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டுத் தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர். சன்னல் வழியே பேனரைக் காட்டினார்.

"ஏத்தா, பெத்தவளே அங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. நீ எதுக்கு அழுகுற?"

"சாப்பிட்டா வரும்ங்க," என்றேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது சிமெட்ரி போடாமல்தான் வரைகிறேன். வலப்பக்கம் ஒரு காலையில் முடிகிறது. இடப்பக்கத்துக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. கோணல் வாயோடு ஒரு படம் முழுசாக வந்தது. போன மாதம் வந்த செல்வியிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கும்மா," என்றாள். "வளைகாப்பு பேனருக்குப் பழசே இருக்கட்டும்."

எனக்கு வலக்கண்ணில் மட்டும் நீர் வந்தது. இடக்கண் காய்ந்தே கிடந்தது. அதற்குச் சோற்று நேரம் மட்டும்தான் தெரியும்.