ஆனியில் வராத மாப்பிள்ளை

மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சர்வேயர் என்றார்கள். காணி அளக்கிறவர் என்று நினைத்துச் சம்மதித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் அளப்பது வடதுருவத்துப் பக்கம் ஆளில்லாத மலைகளை. வேலியில்லை, எல்லைச் சண்டையில்லை, காணிக்குச் சொந்தக்காரன் பனிக்கரடி. அதற்கும் ஒரு சம்பளம்!

கலியாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். லண்டன் கிங்ஸ்பரியில் மண்டபமும் பிடித்தாயிற்று. தாலிக்குப் பொன்னுருக்க வேண்டிய கிழமையில் மாப்பிள்ளை செய்மதிப் போனில் கூப்பிட்டார்.

"மாமி, பனிப்புகார் மூடினதாலை ஹெலிகொப்டர் பிந்திப்போச்சு. கடைசி மலையிலை இண்டைக்குத்தான் அளக்கிற மிசின் வைச்சனாங்கள். இப்ப வர ஏலாது."

"மிசின் தன்ரை பாட்டிலை நிக்கட்டும். நீங்கள் வாங்கோ தம்பி."

"ஒரு மலைக்கு ஒராள் மாமி. இந்த மலைக்கு நான்தான்."

ஆறுதலாக விளக்கம் வேறு சொன்னார். உறைந்த மண் பொங்கித் தாழுமாம். அதனால் வெறும் பாறையைத் தேடித் துளைத்து, பித்தளைக் குமிழ் ஒட்டி, அதற்கு நேர்மேலே மிசின் வைப்பார்களாம். மூன்று மலையிலும் மூன்று மிசின், ஒரே நேரத்தில், நாள்கணக்காக வானத்துச் செய்மதிகளைக் கேட்டபடி நிற்கவேண்டுமாம். ஒன்று காற்றுக்குச் சரிந்தால் மற்ற இரண்டும் நின்றது வீண். இனி அங்கே எதை அளந்தாலும் அந்தக் குமிழ்களில் இருந்துதான் அளப்பார்களாம்.

"அங்கை ஆர் வந்து வீடு கட்டப்போகினம்?" என்று கேட்டேன். போனை மகளிடம் நீட்டினேன்.

"அந்தக் குமிழோடை அவரையும் சேர்த்து ஒட்டச்சொல்லு," என்றேன் மகளிடம்.

"ஆடி கழியட்டும் அம்மா, ஆவணியிலை செய்வம். வேலையைப் பாதியிலை விட்டிட்டு ஓடிவாற மனிசன் எனக்கு வேண்டாம்."

மகளே சொன்னபிறகு நான் யாரோடு சண்டை பிடிக்க?

மண்டபக்காரனுக்குச் சொல்வது பெரிய காரியமில்லை. ஹரோவில் இருக்கிற மச்சாளுக்குச் சொல்வதுதான் பெரிய காரியம். என் தமையனின் பெண்சாதி. பிறர் வீட்டுக் கலியாணம் குழம்பினால் அவருக்கு நோய் வருத்தமெல்லாம் மாறிவிடும்.

"உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள், மாப்பிள்ளை ஓடிட்டாரோ?"

"ஓடுறதுக்கு அங்கை றோட்டுமில்லை, பஸ்ஸுமில்லை. நிண்ட இடத்திலை நிக்கிற மனிசன் உங்கடை வீட்டிலை ஒருத்தரும் இல்லை, அதாலை உங்களுக்கு விளங்காது. கலியாணம் ஆவணியிலை. வாறதெண்டால் வாங்கோ."

போனை வைத்த பிறகுதான், அந்த மனிசனுக்காக நான் வாதாடியிருக்கிறேன் என்பது உறைத்தது. அது வேறு எரிச்சல்.

ஆவணியில் தாலி கட்டினார். மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. பனி நாட்டில் வெயிலாம்! மச்சாள் முன்வரிசையில் இருந்தார். இரண்டு பந்தியிலும் சாப்பிட்டார்.