விளக்கு வைத்தபின் சாப்பிட்டவன்

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. கன்னியப்பனுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தாலே விக்கல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். 1964 மார்கழியில் நடந்த இந்தக் கதையை அவன் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூட விக்கல் வந்ததில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி. பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள். அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கிடந்தது. அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று ஆழம் பார்க்க, ஓலைக் கூரை போட்ட படகு ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கருவிகள் திருடு போகாமல் இரண்டு பேர் படகிலேயே குடியிருக்க வேண்டும். ஒருவன் கன்னியப்பன். இன்னொருவன் தொண்டூர் ஜினேந்திரன், ஜைனர் வீட்டுப் பிள்ளை.

எலியும் பூனையுமாக அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள். நாற்பது நாளில் இருவரும் உயிருக்குயிராகிவிட்டார்கள். ஜினேந்திரன் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பான். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை தொடமாட்டான். அவனுக்காகக் கன்னியப்பன் மீனைக் கரையில் சுட்டுத் தின்று, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படகேறுவான். “உன்னால பாதி சாமியாரா ஆயிட்டேன், நயினாரே” என்று, ஜைனர்களுக்கு உரிய பட்டத்தைச் சொல்லிக் கிண்டல் செய்வான். கன்னியப்பனுக்கு நீச்சல் தெரியாது. ஜினேந்திரன் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் அவன் தண்ணீர்மேல் தூங்கினான்.

படகு இடுப்பளவு தண்ணீரில், முளையில் கட்டிக் கிடக்கும். யார் ஏறினாலும் ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். தூங்குகிறவனையும் எழுப்பிவிடும்.

அன்று காலை, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஜினேந்திரன் ஊருக்குப் போனான்.

“சாயங்காலம் வந்துடறேன். அதுவரிக்கும் படக அவுக்காத.”

மாலை 5.40. கன்னியப்பன் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தான். எதிரே ஜினேந்திரன் உட்கார்ந்திருந்தான்.

படகு ஆடவே இல்லை.

“எப்ப வந்த?”

“இப்பதான்.”

“நைனாவுக்கு எப்டி இருக்குது?”

“இருக்குது.”

வேட்டியைப் பார்த்தான். நுனிகூட நனையவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவன் வேட்டி எப்படிக் காய்ந்திருக்கும்? யாராவது தெப்பத்தில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

5.50. ஜினேந்திரன் குனிந்து ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தான். வடிகட்டவில்லை. மறுபடியும் அள்ளினான்... மறுபடியும்... வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு விரதத்தையெல்லாம் விட்டுவிட்டானோ? கன்னியப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. கேட்கப் பயமாக இருந்தது.

6.10. அரிக்கேன் விளக்கை ஏற்றினான். ஜினேந்திரன் சோற்றுப் பானையைத் தன் பக்கம் இழுத்தான்.

சாப்பிட ஆரம்பித்தான்.

அள்ளி அள்ளி... மென்றதாகவே தெரியவில்லை.

“நயினாரே... பொழுது சாஞ்சிடுச்சே...”

“அதனால இன்னா?”

குரல் அவனுடையதுதான். ஆனால் உதடு அசையவில்லை.

சளக்... சளக்...

படகுக்கு அடியில் சத்தம்.

முளையைத் தேடினான். அது எங்கேயோ பின்னால் இருந்தது. அவிழ்ந்த கயிறு தண்ணீரில் இழுபட்டு வந்தது. துடுப்பு உள்ளேயே கிடந்தது.

படகு தானாகப் போய்க்கொண்டிருந்தது...

“மதகாண்ட போலாம். அங்கதான் ஆழம்.”

கன்னியப்பன் குதித்தான்.

கழுத்துவரை தண்ணீர். கால் சேற்றில் தட்டியது. விழுந்தான்... எழுந்தான்... குடித்தான்... கரை.

6.18.

திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை 7.15. பஸ் நிற்கும் இடத்தில், கோவிந்தசாமி டீக்கடை வாசலில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். ரோட்டில் ஜினேந்திரன் வந்தான். கன்னியப்பன் அழுதுகொண்டே எழுந்து அவனை நோக்கி ஓடினான்.

“அங்கயே நில்லு. கிட்ட வராத.”

பத்தடி தள்ளி நின்று, கையை நீட்டித் தடுத்தான் ஜினேந்திரன். முகம் வெளுத்திருந்தது.

“நேத்து நீ படகுக்கு வந்தியா, இல்லியா?” என்றான் கன்னியப்பன்.

“கரைக்கு வந்தேன். விளக்கு வெச்ச நேரம். உன்னக் கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன்... படகுல ரெண்டு பேரு எதிரெதிரா இருந்தீங்க.”

“ஒண்ணு நானு. இன்னொண்ணு உன்ன மாதிரியே...”

“என்ன மாதிரி இல்ல.”

“பின்ன?”

“ரெண்டும் நீதான்.”

கன்னியப்பன் ஓரடி முன்னே வைத்தான்; ஜினேந்திரன் ஓரடி பின்வாங்கினான்.

“ஒருத்தன் குதிச்சான். கரையப் பாத்து வந்தான். நான் ஓடிட்டேன்.”

“குதிச்சது நான்தான்! எங்கம்மா மேல சத்தியம்!”

செஞ்சி பஸ் வந்து நின்றது. ஜினேந்திரன் அவனுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து போய்ப் படியில் ஏறினான்.

“அத நான் எப்டி நம்பறது?”

பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு, சாகும்வரை, ஜினேந்திரன் அவன் இருக்கிற பக்கமே வரவில்லை.