ஸ்கேன் அறையில் கேட்ட வீடுகள்

இதய ஸ்கேன் எடுக்கும் அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது என் வேலை. அந்தப் பக்கம் சிஸ்டரின் ராஜ்ஜியம். பதினெட்டு வருடம் ஒன்றாகக் குப்பை கொட்டினோம். என் முன்கோபத்தைப் பொறுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அவர்தான்.

இப்போது வந்திருக்கும் புது மெஷின், இதயம் எப்படி ஓடினாலும் படம் பிடித்துவிடுகிறது. பழையதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. துடிப்பு அறுபதுக்குக் கீழே வந்தால்தான் ரத்தக் குழாய்கள் தெளிவாக விழும். இல்லையென்றால் படம் கலங்கிவிடும். அப்புறம் கையிலோ தொடையிலோ குழாய் விட்டுத்தான் அடைப்பைத் தேட வேண்டும். வந்து படுப்பவர்களுக்கோ பயத்தில் தொண்ணூறு ஓடும். மாத்திரைக்கும் அடங்காதவர்களிடம் சிஸ்டர் ஒன்றே ஒன்று கேட்பார்.

"சின்ன வயசுல நீங்க இருந்த வீடு எப்படி இருக்கும்? வாசல்லேருந்து சொல்லுங்க."

முதலில் முறைப்பார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தையல்காரர் ஒருவர் கதவின் நிறத்தில் தொடங்கினார். வக்கீலம்மா ஒருவர் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டு கதைப்புத்தகம் படித்ததைச் சொன்னார். எண்பது, எழுபது, ஐம்பத்தெட்டு. ஒலிபெருக்கியில் எனக்கும் எல்லாம் கேட்கும். "கதை போதும், வெளியே வாங்க சிஸ்டர்!" என்று கத்துவேன். உள்ளுக்குள் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றிருக்கும். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது சிஸ்டருக்கே மாடி ஏறினால் நெஞ்சு இறுகியது. அவருடைய அண்ணன் அதே வயதில் மாரடைப்பில் போனவர். ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சிஸ்டருக்கு ஆஸ்துமா, அதனால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் கொடுக்க முடியாது. மேஜையில் வந்து படுத்ததும் திரையில் துடிப்பு எண்பத்தெட்டு.

புத்திசாலி மாதிரி நான் மைக்கில் கேட்டேன். "நீங்க இருந்த வீட்டைச் சொல்லுங்க சிஸ்டர்."

தொண்ணூற்றாறு.

"எனக்கு ஏது சார் வீடு? அம்மா போனப்புறம் சித்தி வீட்ல ரெண்டு வருஷம், மாமா வீட்ல ஒரு வருஷம். பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள கிளம்புன்னுடுவாங்க."

பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் இதைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சரி, தையல்காரர் வீட்டுக்குப் போவோம். நீலக் கதவு."

"பச்சை."

"நீலம்தான். நானும் கேட்டேன்ல?"

"பச்சைக் கதவு சார். தாழ்ப்பாள்தான் நீலம். என்னத்தைக் கேட்டீங்களோ!"

"உள்ளே நுழைஞ்சா?"

"இடது பக்கம் அவங்கப்பாவோட தையல் மெஷின். ஜன்னல் பக்கத்துல ஒரு ஸ்டூல், ஒரு கால் ஆடும்."

அங்கிருந்து வக்கீலம்மாவின் மாடிப்படிக்குப் போனோம். அப்புறம் எப்போதோ ஸ்கேனுக்கு வந்த ஒரு தபால்காரர் வீட்டுக் கிணற்றடிக்கு. நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், அவர் திருத்திக்கொண்டே வந்தார். எழுபத்தொன்று, அறுபத்து நான்கு, ஐம்பத்தேழு.

"மூச்சை இழுத்துப் பிடிங்க!" பொத்தானை அழுத்தினேன்.

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அடைப்பு எதுவும் இல்லை என்றார். உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். சிஸ்டர் மேஜையில் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே, இன்னும் எதுக்கு அழுகை?"

"அதுக்கில்ல சார். இன்னைக்கு இத்தனை வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். ஒருத்தர்கூட என்னைக் கிளம்புன்னு சொல்லல."